தாய்க்குலத்தின் பேராதரவுடன்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சினிமா சுவரொட்டிகளில் ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம்: ‘தாய்க்குலத்தின் பேராதரவுடன் 50ஆவது நாள்.’ முதல் வாரத்துச் சுவரொட்டியில் அந்த வரி இருக்காது. அதற்கு நாயகனின் முகமும் பெயரும் போதும். சில வாரங்கள் போன பின், படம் நிற்குமா தூக்கப்படுமா என்ற கட்டத்தில்தான் தாய்க்குலம் நினைவுக்கு வரும். ஒரு படம் பெரிய வெற்றிதான் என்று ஊரை நம்பவைக்கப் பெண்கள் வந்தார்கள் என்ற சாட்சியம் தேவைப்பட்டது.

நான் வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையம். அங்கே பஞ்சாலையில் வேலை பார்த்த என் அத்தை, வார விடுப்பில் படம் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவாள். திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வாள். எந்த இடத்தில் அழுதாள், எந்த இடத்தில் சலித்துக்கொண்டாள் என்பதெல்லாம் அந்தக் கதையில் உண்டு. படப்பெட்டி எங்கள் ஊருக்கு வந்து சேரும் முன்பே தெருவுக்கே படம் தெரிந்திருக்கும். தெரிந்த கதையைப் பார்க்கத்தான் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காக்களும் வேலையை முடித்துவிட்டு மேட்னிக்குக் கிளம்புவார்கள். தியேட்டரில் பெண்களுக்குத் தனி வரிசை. அது எப்போதும் சின்னதாக இருக்கும் என்பதால், முன்பின் தெரியாத ஆண்கள் பணத்தை நீட்டி, “எனக்கும் ரெண்டு டிக்கெட் வாங்கிக் குடுங்கக்கா” என்று கெஞ்சுவார்கள்.

எந்தப் பத்திரிகையும் அத்தையின் விமர்சனத்தை அச்சிட்டதில்லை. ஆனால் அந்தத் திண்ணைப் பேச்சில்தான் ஒரு படத்தின் ஆயுள் இருந்தது. 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்று சினிமா வரலாறு சொல்கிறது. பாகவதரின் குரலைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. பார்த்த படத்துக்கே திரும்பத் திரும்ப வந்தவர்கள் யார் என்று எழுதியவர்கள் குறைவு. பெண்கள் வராமல் ஒரு பக்திப் படம் அத்தனை நாள் ஓடியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. எஸ்.எஸ். வாசன் இதை அறிந்திருக்க வேண்டும். ஜெமினியின் பெரிய படங்களின் பெயர்களைப் பாருங்கள்: 1943இல் ‘மங்கம்மா சபதம்’, 1948இல் ‘சந்திரலேகா’, 1953இல் ‘ஔவையார்’. மூன்றும் பெண் பெயர்கள். டி.ஆர். ராஜகுமாரி நடித்த ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அதை இந்தியிலும் எடுத்து நாடு முழுக்கக் கொண்டுபோனார் வாசன். இன்று ‘பான் இந்தியா’ என்று சொல்லிக்கொள்வதை ஒரு பெண்ணின் பெயரில் தொடங்கிவைத்திருக்கிறது தமிழ் சினிமா.

பிறகு கணக்கு மாறியது. அமெரிக்காவில் 1975 ஜூனில் ‘ஜாஸ்’ ஒரே நாளில் நானூறுக்கும் மேற்பட்ட அரங்குகளில் வெளியானது. அதற்கு முன் தொலைக்காட்சியில் விளம்பரங்கள் குவிந்தன. அங்கே பெரிய படங்கள் ஊர் ஊராக நகர்ந்துபோன பழைய முறை அதற்குப் பின் தேய்ந்தது. நம்மிடம் அதை முழுமையாக்கியது டிஜிட்டல் திரையிடல். படப்பெட்டி போயிற்று. சென்னையில் வெளியாகும் அதே நாளில் ராஜபாளையத்திலும் படம். அத்தை கதை சொல்லி முடிக்கும் வரை காத்திருக்க இப்போது யாருக்கும் அவகாசமில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு வசூலை வைத்து ஒரு படம் சரித்திரம் ஆகிவிடுகிறது.

அந்த மூன்று நாள்கள் யாருடையவை?

அதிகாலைக் காட்சிகள் நடந்துகொண்டிருந்த காலத்தில், என் வகுப்பில் ஒருமுறை கேட்டேன்: “முதல் நாள் முதல் காட்சி பார்த்தவங்க யாரு?” பெண்கள் மட்டுமே படிக்கும் வகுப்பு. மூன்று கைகள் உயர்ந்தன. நான்காவதாக ஒருத்தி எழுந்து சொன்னாள்: “அண்ணன் நாலு மணி ஷோவுக்குப் போனான் மேம். அலாரம் வச்சு எழுப்பி டீ போட்டுக் குடுத்தது நானு.” வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்த வசூலில் அவளுடைய உழைப்பும் சேர்ந்திருக்கிறது, அவள்தான் உள்ளே இல்லை.

2023 ஜனவரியில் ஒரு நள்ளிரவுக் காட்சியின் கொண்டாட்டத்தில் சென்னையில் ஓர் இளைஞர் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ‘லியோ’ வந்தபோது, முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் என்றது தமிழக அரசு. ரசிகர்கள் குமுறினார்கள். என் மாணவிகளுக்கு எதுவும் மாறவில்லை. காலை 9 மணி அவர்கள் பேருந்தில் நிற்கும் நேரம், அவர்களுடைய அம்மாக்கள் அடுப்படியையும் பாத்திரத்தையும் முடித்திராத நேரம். 2024 டிசம்பர் 4 இரவு, ஹைதராபாத்தில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சிக்குக் குடும்பத்தோடு வந்த ஒரு பெண் நெரிசலில் இறந்தார். அவருடைய மகன் உயிருக்குப் போராடினான். ஒரு வாரத்துக்குள் 1000 கோடி என்று படத்தின் சுவரொட்டிகள் அறிவித்தன. பெண்கள் கொண்டாட்டத்துக்கு வருவதில்லை என்று அலுத்துக்கொள்பவர்களிடம் நான் அந்தப் பெண்ணைத்தான் நினைவூட்டுவேன். அவர் வந்தார். அவர் நிற்க அங்கே இடமில்லை.

பாக்ஸ் ஆபீஸ் நிகழ்வு என்றால் என்ன என்பதற்கு என்னிடம் ஓர் எளிய அளவுகோல் உண்டு. வழக்கமாகத் தியேட்டருக்கு வராதவர்கள் வந்தார்களா? 1999இல் ‘படையப்பா’ வந்தபோது எங்கள் தெருப் பெண்கள் ரஜினியைப் பார்க்கப் போய் நீலாம்பரியைப் பேசிக்கொண்டு திரும்பினார்கள். “அவ செஞ்சது தப்புதான், ஆனா என்னா நிமிர்வு” என்றாள் அம்மா. அதுதான் அவள் நெடுங்காலம் தியேட்டரில் பார்த்த கடைசிப் படம். டிவி வந்து அவளை வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டது.

2022 செப்டம்பர் 30இல் ‘பொன்னியின் செல்வன்’ வந்தது. அடுத்த வாரமே அம்மா, “கூட்டிட்டுப் போறியா?” என்றாள். எழுபதைத் தாண்டிய முழங்கால்களோடு ராஜபாளையம் வந்தாள். எங்கள் வரிசையில் அவள் வயதுப் பெண்கள் நான்கைந்து பேர். குந்தவை வந்ததும் ஒருவர், “புத்தகத்துல இப்படியா இருக்கு?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார். 1950இல் கல்கியில் தொடங்கிய தொடர் அது. வாராவாரம் பக்கங்களைப் பிரித்து, அடுக்கி, பைண்ட் செய்து, மகளுக்கும் பேத்திக்கும் கைமாற்றியவர்களில் எத்தனையோ பேர் பெண்கள். எங்கள் வீட்டுத் தொகுப்பு பாட்டி சேர்த்தது. உலகெங்கும் 400 கோடியைத் தாண்டிய அந்த வசூலுக்கு மணிரத்னமும் நட்சத்திரங்களும் காரணம்தான். எழுபது ஆண்டுகளாக அதற்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தவர்களுக்குத்தான் யாரும் நன்றி அட்டை போடவில்லை.

திரைத்துறையில் இவர்களுக்கு ஒரு பெயர் உண்டு: ‘ஃபேமிலி ஆடியன்ஸ்’. முன்பு தாய்க்குலம், இப்போது ஃபேமிலி. இரண்டு சொல்லிலும் யாரோ ஒருவரின் தாயாக, மனைவியாகத்தான் அவள் உள்ளே வருகிறாள். தனக்காக டிக்கெட் எடுக்கும் ஒருத்திக்கு இன்னும் பெயரில்லை. 2023இல் கிரெட்டா கெர்விக் இயக்கிய ‘பார்பி’ நூறு கோடி டாலரைத் தாண்டியபோது, தோழிகளும் தாயும் மகளுமாக இளஞ்சிவப்பு உடுத்திப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்ததை உலகம் ஆச்சரியமாகப் பார்த்தது. பக்கத்திலிருக்கும் கேரளத்தில் 2025இல் ஒரு பெண்ணை நாயகியாக வைத்த ‘லோகா’ பெருவெற்றி பெற்றது. ஒவ்வொரு முறையும் இதே ஆச்சரியம். வந்துகொண்டே இருப்பவர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

வசூல் கணக்கில் எல்லா டிக்கெட்டும் ஒரே விலை. என் மாணவிகள் தரும் விலை வேறு. வீட்டில் அனுமதி, துணைக்கு ஆள், இருட்டுவதற்குள் திரும்பும் பேருந்து, முன்கூட்டியே முடித்த சமையல், அடுத்த நாள் பேச்சுக்குப் பதில். இத்தனையையும் கொடுத்துவிட்டு ஒருத்தி வந்து உட்காரும் படம்தான் மெய்யான நிகழ்வு என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்த விலையைப் புகழ்ந்துவிட்டு நகர எனக்கு மனமில்லை. நினைத்த நேரத்தில், தனியாக, நன்றாக இல்லாத ஒரு படத்துக்குப் போய்ப் பாதியில் எழுந்து வரும் உரிமையும் அவளுக்கு வேண்டும். அவளுடைய அண்ணனிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.