ஒலிநாடாவின் ஏ பக்கம்

ஒலிநாடாப் பெட்டியின் முதுகில் இரண்டு சின்னஞ்சிறு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். பேனா முனையால் நெம்பினால் ஒடிந்துவிடும். ஒடித்தபின் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. பதிவு விசை அழுந்தாமல் நின்றுவிடும். மீறிப் பதிய வேண்டுமென்றால் அந்தக் குழியில் காகிதத்தை மடித்துத் திணித்தால் போதும். இன்று என் வகுப்பில் இருப்பவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியிருக்கிறது. 1997இல், பி.ஏ. தமிழ் முதலாண்டு மாணவனாக இருந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாய்மாமன் நாக்கை ஒடித்துப் பத்திரப்படுத்தியிருந்த ஓர் ஒலிநாடாவில், செய்தித்தாள் துண்டைத் திணித்து, என் பேச்சுப்போட்டி ஒத்திகையைப் பதிந்தேன். போட்டியின் தலைப்பு 'மேலைநாட்டு மோகம்'.

அழிந்தவை சிலோன் பாப் பாடல்கள். (இலங்கையில் அதை 'பொப்' என்றுதான் எழுதுவார்கள். 'துள்ளிசை' என்றும் ஒரு பெயர் உண்டு. நம் கலைச்சொல் அகராதிகளில் இவ்வளவு உயிருள்ள சொல் அதிகமில்லை.) ஒரு வாரம் கழித்து மாமா அதைக் கண்டுபிடித்தார். கோபிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்தப் பக்கம் மாப்ளே? ஏ பக்கமா, பி பக்கமா?"

"ஏ பக்கம் மாமா."

கொஞ்ச நேரம் ஒலிநாடாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, விடு" என்றார். அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அந்த வயதில் இசையை நான் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன். மேலே செவ்வியல், நடுவில் நாட்டார், கீழே சினிமா. மாமாவின் பாட்டுகளுக்கு அந்த மூன்றிலும் இடமில்லை. ஆகவே அவை இசையே இல்லை.

மாமா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கும் பகுதியில் இருந்தார். (தொழிற்சாலை என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான்.) பெண்கள் கட்டை அடுக்கும் கூடத்தில் காலை முதல் ஒரு ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். 'பொங்கும் பூம்புனல்' கேட்டால் வீட்டில் அடுப்பைப் பற்றவைப்பார்கள் என்று அம்மா சொல்வாள். அகில இந்திய வானொலி 1952இல் அமைச்சர் கேஸ்கரின் காலத்தில் திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்தபோது இலங்கை வானொலியின் பக்கம் திரும்பிய காதுகள், 1957இல் விவித பாரதி வந்தபிறகும் முழுதாகத் திரும்பி வரவில்லை. கரிசல் காட்டுக்கு இன்னொரு சலுகையும் இருந்தது. மத்திய அலை உப்புநீரின் மேல் நிலத்தில் செல்வதைக் காட்டிலும் வலுவாகச் செல்லும். கொழும்புக்கும் எங்களுக்கும் இடையே பெரும்பகுதி மன்னார் வளைகுடாதான். மழை வராத எங்கள் வானத்தில் கொழும்பு மட்டும் தெளிவாக வந்தது.

அந்தப் பாடல்களை மாமாவுக்கு அறிமுகம் செய்தவர் பதுளைக்காரர். அவருடைய இயற்பெயரை ஊரில் பலரும் அறியமாட்டார்கள். 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மலையகத் தமிழரில் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அந்தக் கணக்கில் ஒருவராக, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, கடைசியில் எங்களூர்ப் பஞ்சாலையில் வந்து சேர்ந்தவர் அவர். தேயிலையைத் தவிர வேறு வேலை அறியாத குடும்பம். மழையே தெரியாத மண்ணைப் பார்த்து அவருடைய தாயார் முதல் வாரம் முழுவதும் அழுதாராம். அவர் கொண்டுவந்த தகரப்பெட்டியில் பாத்திரங்களுக்கு நடுவே சேலையில் சுற்றிய சில சின்ன இசைத்தட்டுகள் இருந்தன. அவற்றைப் போட்டுக் கேட்க எங்கள் தெருவில் கருவி கிடையாது. இலங்கை வானொலியில் அதே பாட்டு வரும்போது, "இது எங்கிட்ட இருக்கு" என்று தட்டை எடுத்துவந்து காட்டுவார்.

மாமா 1981இல் தீபாவளி போனசில் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினார். ரேடியோவிலிருந்து கம்பி வைத்துப் பதிவதெல்லாம் அவருக்குத் தெரியாது. ரேடியோவுக்கு எதிரே அதை வைத்து, வீட்டில் எல்லாரையும் வாயைப் பொத்தச் சொல்லிவிட்டுப் பதிவார்.

இந்த இசைக்குப் பின்னால் ஒரு நீண்ட கடல்வழி இருக்கிறது. போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற ஆட்டப்பாட்டிலிருந்து வந்தது பைலா. சொல்லே அவர்கள் மொழியில் ஆடுவதைக் குறிப்பது. அறுபதுகளின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்களப் பாட்டுக்குள் மின்கித்தாரைக் கொண்டுவந்தார். அதே அலையில்தான் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் தமிழ் இளைஞர்கள் கித்தாரைக் கையிலெடுத்தார்கள். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன், பரமேஷ் என்று தொடங்கும் அந்த வரிசையில் சினிமாவின் தயவில்லாமல் தமிழில் பாட்டெழுதி, மெட்டமைத்து, தாமே பாடியவர்கள் இருந்தார்கள். அதே காலத்தில் தமிழ்நாட்டில் அப்படி ஒரு வரிசை அமையவில்லை. நமக்குச் சினிமா போதுமாயிருந்தது.

மனோகரனின் குரல் பெரிது, உடம்பும் மேடையை நிறைப்பது. 'சுராங்கனி' அவரால்தான் கடல் தாண்டியது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையிலும் இடம்பெற்றது. பிறகு அவர் சென்னைக்கு வந்து சினிமாவில் அடியாளாகவும் வில்லனாகவும் நடித்தார். 2018இல் அவர் மறைந்தபோது இங்கே பலருக்கும் அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் என் சார்பு நித்தி கனகரத்தினத்தின் பக்கம். 'சின்ன மாமியே' பாட்டை இருபத்தைந்து ஆண்டு சங்க இலக்கியம் படித்த காதோடு கேட்டால் அதில் இற்செறிப்பு நிற்கிறது. மகளை வீட்டுக்குள் காக்கும் தாய், வாசலில் நிற்கும் இளைஞன். அகப்பாட்டில் தலைவன் நற்றாயின் எதிரே நேராகப் போய் நின்று மகள் எங்கே என்று கேட்கமாட்டான். தோழிதான் இடையில் நிற்பாள். இவன் தோழியை ஒதுக்கிவிட்டுத் தாயிடமே கேட்கிறான், அவளும் அவனை மருமகனே என்று அழைத்தே விரட்டுகிறாள். முறையும் மறுப்பும் ஒரே வாயில். அந்த யாழ்ப்பாணப் பேச்சை மெட்டு கொஞ்சமும் திருத்தவில்லை. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இன்னும் வேடிக்கை. குடிக்காதே என்று மன்றாடுகிற பாட்டு, குடித்தவன்தான் நன்றாக ஆடமுடியும் என்கிற தாளத்தில் ஓடுகிறது. பதுளையில் கல்யாண வீடுகளில் அப்படித்தான் ஆடினார்கள் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார் பதுளைக்காரர். இதை முரண் என்று அந்நாளில் நான் சொல்லியிருப்பேன். இப்போது அந்தத் தாளத்தில்தான் பாட்டின் துக்கம் இருப்பதாகப் படுகிறது.

இவற்றிடம் என்னைத் திருப்பி அனுப்பியது தொடர்பே இல்லாத ஓர் ஆவணப்படம். மாணவர் ஒருவர் வற்புறுத்தியதால் 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' பார்த்தேன். டெட்ராய்ட் நகரின் ரோட்ரிகஸ் 1970இல் 'கோல்ட் ஃபேக்ட்' என்ற ராக் இசைத்தட்டை வெளியிட்டார். அமெரிக்காவில் விலைபோகவில்லை. அடுத்த ஆண்டு இன்னொன்று, அதுவும் அப்படியே. அவர் பழைய வீடுகளை இடிக்கும் கூலிவேலைக்குப் போய்விட்டார். நிறவெறி ஆட்சியிலிருந்த தென்னாப்பிரிக்காவில் அந்தத் தட்டு கைக்குக் கை மாறி ஒரு தலைமுறையின் பாட்டாகிவிட்டது, அவருக்கே தெரியாமல். இறந்துவிட்டார் என்று அங்கே நம்பினார்கள். 1998இல் அவர் அந்நாட்டு மேடையில் ஏறினார். 2012இல் வந்த படம் அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. அவர் 2023இல் மறைந்தார். (1979இலேயே அவர் ஆஸ்திரேலியாவில் பெருங்கூட்டத்துக்குப் பாடியதைப் படம் சொல்லாமல் விட்டுவிடுகிறது. கதை அழகாக அமையவேண்டும் என்றால் எதையாவது மறைக்கத்தான் வேண்டும் போலும்.) படத்தில் ஓர் இசைத்தட்டைக் காட்டுகிறார்கள். வானொலியில் ஒலிபரப்பாகிவிடக் கூடாதென்று ஒரு பாட்டின் மேல் தணிக்கையாளர்கள் கீறிவைத்த தட்டு. அந்தக் கீறலைப் பார்த்ததும் எனக்கு ஒலிநாடாக் குழியில் திணித்த காகிதம் நினைவுக்கு வந்தது. அவர்களுக்காவது ஓர் அரசாங்கம் ஆணையிட்டது.

அதன்பிறகு இரவுகளில் தேடித்தேடிக் கேட்டேன். கம்போடியாவில் சின் சிசமுத்தும் ரோஸ் செரேசோதியாவும் கித்தாரோடு பாடிய அறுபதுகளின் ராக் பாட்டுகள். இருவருமே கெமர் ரூஜ் காலத்தில் மாண்டவர்கள், குரல்கள் மட்டும் ஒலிநாடாக்களில் ஒளிந்து தப்பின. இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பின் தமிழ்ப் பாடகர்கள் பலர் திசைக்கொருவராகச் சிதறினர். நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். ஆனாலும் அவர் பாட்டுகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. தட்டின் கீறல் ஒலிகூட நீக்கப்பட்டு, சுத்தமாக. எட்டுப் பாட்டுகளை இறக்கிக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, சென்ற பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போனேன். அவருக்கு எழுபத்திரண்டு வயது. பதுளைக்காரர் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

'சின்ன மாமியே'யை முதலில் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். விரல் கட்டிலின் சட்டத்தில் தாளம் போட்டது. முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு மாப்ளே" என்றார். பிறகு, "ஆனா இதுல அம்மா சத்தம் இல்லையே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். அந்தப் பாட்டைப் பதிந்த அன்று முற்றத்தில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. வாயைப் பொத்தியிருந்த ஆச்சி, கோழி வந்து கிளறுவதைப் பார்த்ததும் மறந்துபோய்க் கத்திவிட்டாள். பாட்டில் மாமிக்காரி பேசும் இடத்தில் சரியாக ஆச்சியும் கோழியை ஏசுகிறாள். பதுளைக்காரர் சிரித்துவிட்டார். மறுபடி பதியலாம் என்று மாமா நினைத்து, பிறகு வேண்டாமென்று நாக்கை ஒடித்துவிட்டார். 1984இல் ஆச்சி போனாள். அவள் குரல் வேறெங்கும் இல்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா."

"சொல்லி என்ன செய்ய? நீ பேசுனதும் நல்லாத்தான இருந்துச்சு."

ஒலிநாடாவை அவர் தூக்கிப்போடவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ரேடியோ மெக்கானிக் ஒருவர், தூசி படிந்து கிடந்த ஒரு கருவியில் ரப்பர் பெல்ட்டை மாற்றி ஓடவைத்துக் கொடுத்தார். என் பேச்சு எட்டு நிமிடம். மூன்று முறை ஒத்திகை பார்த்திருக்கிறேன். இருபத்துநான்கு நிமிடம் அந்தப் பதினெட்டு வயதுக் குரலைக் கேட்பது ஒரு தண்டனைதான். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் குரலை உயர்த்துகிறேன். மூன்றாம் முறை நன்றி வணக்கம் சொன்னதும் ஒரு 'டக்'. அதன்பின் ஒரு பக்கத்தின் முப்பது நிமிடத்தில் மீதமிருந்த ஆறு நிமிடம் அப்படியே இருக்கிறது.

பாதியிலிருந்து ஒரு பாட்டு. முதலில் கித்தார், பிறகு இரண்டு ஆண்குரல்கள், நடுவில் ஒரு சிரிப்பு. சொற்கள் பாதிக்குமேல் தெளிவாக இல்லை. இணையத்தில் கிடைத்த எதனோடும் அது பொருந்தவில்லை. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் நேரம் சொல்கிறார். அதன்மேல் யாரோ இருமுகிறார்கள், நீளமாக, பஞ்சு அடைத்த இருமல்.

மாமாவிடம் போட்டுக் காட்டினேன். ஆச்சியாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி அவர் சொல்லவேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். இரண்டு முறை கேட்டார். "அம்மா இல்ல. நம்ம பதுளைக்காரன்" என்றார். கைப்பேசியைக் காதோடு வைத்துக்கொண்டு, இருமலுக்கு முன்னாலிருந்து இன்னொரு தடவை போடச் சொன்னார்.