மெனிகே

2021 ஜூலையில் ஒரு நாள். பாடசாலை மூடிக்கிடந்தது. எங்கள் தோட்டத்தில் கைத்தொலைபேசிக்கு சிக்னல் கிடைப்பது கோயிலுக்கு மேலேயுள்ள மேட்டில் மட்டும்தான். தேயிலைச் செடிகளுக்கிடையே பிள்ளைகள் குந்தியிருந்து, நான் வட்ஸ்அப்பில் அனுப்பிய பாடத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று நானும் மேலே ஏறிப் போயிருந்தேன். பாடத்தைவிட ஒரு பாட்டுத்தான் அங்கே பலமாகக் கேட்டது.

"சேர், இந்தப் பாட்டுக்கு என்னா அர்த்தம்?" என்று பத்தாம் தர மாணவி ஒருத்தி கேட்டாள்.

"மெனிகே மகே ஹிதே" என்ற சிங்களக் காதல் பாட்டு அது.

"படிக்கிற வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அர்த்தம் தெரியாமலல்ல. ஹட்டன் கடைத்தெருவில் வளர்ந்த எனக்குச் சிங்களம் விளையாட்டோடு வந்த மொழி. சொல்லத்தான் மனம் வரவில்லை. 2020 ஏப்ரல் முதல் அடுத்த பெப்ரவரி வரை, கொரோனாவில் மௌத்தான எங்களவர்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாளேயான பச்சைக் குழந்தையும் தப்பவில்லை. அதை நியாயப்படுத்திய பேச்சுக்களை நான் சிங்களத்தில்தான் கேட்டேன். அந்த மொழியில் காதலா என்று உள்ளுக்குள் ஓர் எரிச்சல்.

பாட்டோ என்னைக் கேட்டுக்கொண்டு வளரவில்லை. 2020இல் சதீஷன் ரத்நாயக்க பாடியது; இசை சமத் சங்கீத். 2021 மே மாதம் யொஹானி அவரோடு சேர்ந்து அதை மீண்டும் பாடினார். ஜூலையில் அமிதாப் பச்சன் அதைப் பகிர்ந்ததும் இந்தியா முழுவதும் பற்றிக்கொண்டது. யூடியூப்பில் 10 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. 2022இல் இந்திப் படமொன்றிலும் புகுந்தது. முன்பு ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' சிங்களச் சொற்களைச் சுமந்துகொண்டு கடல் தாண்டியது போலத்தான். கேட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அர்த்தம் தெரியாது. தெரியாதது ஒரு தடையாகவும் இருக்கவில்லை.

ஓகஸ்டில் என் பெரிய மாமா கொரோனாவில் மௌத்தானார். அப்போது அடக்கம் செய்ய அனுமதி இருந்தது. ஆனால் ஓட்டமாவடியில் மட்டும். ஜனாஸா முன்னே போக, நானும் மச்சானும் ஒரு வாடகை வேனில் பின்னால் போனோம். சாரதி ஒரு சிங்கள இளைஞர். பொலன்னறுவையைத் தாண்டியபின், தூக்கம் வராதிருக்க அவர் வானொலியைப் போட்டார். அதே பாட்டு.

மச்சான் மெல்லிய குரலில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். இரண்டு வரி போயிருக்காது. சாரதி கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். கை வானொலிக்குப் போனது.

"சமாவென்ன மாத்தயா" என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா.

நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கபுறுக்கு மண் போட்டுவிட்டுத் திரும்பி ஹட்டன் வந்து சேரும்வரை அவர் வானொலியைத் தொடவே இல்லை.

நவம்பரில் பத்தாம் தரப் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். அந்தப் பிள்ளையின் கேள்வி எனக்குள் கிடந்து உறுத்தியது. கரும்பலகையில் மூன்று சொற்களையும் எழுதினேன். 'மகே' என்றால் என்னுடைய. 'ஹித' நம்முடைய சித்தம்தான். பாளியிலுள்ள 'சித்த' சிங்களத்தில் 'சித'வாகி, 'ஹித'வாகியிருக்கிறது. 'மெனிகே' கண்டிப் பகுதிப் பெண்களுக்கு மரியாதையாக வழங்கும் பெயர். நம் மாணிக்கத்துக்குச் சொந்தக்காரி.

"அப்ப உடரட்ட மெனிகே, பொடி மெனிகே?" என்றாள் அவள்.

ஹட்டன் வழியே பதுளைக்கு ஓடும் ரயில்களின் பெயர்கள். அவள் பிறந்ததிலிருந்து கேட்டவை.

"அதே மெனிகேதான்."

வகுப்பே சிரித்தது. "பாடட்டுமா சேர்?" என்று பின் வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். பாடச் சொன்னேன். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். உச்சரிப்பில் பிழைகள் இருந்தன, நான் திருத்தவில்லை.

வானொலியை நிறுத்திய அந்தக் கை நினைவுக்கு வந்தது. போகவும் வரவும் ஒரு பகலும் ஓர் இரவும் கூட இருந்தவர். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.