குளக்கரையில் ஓர் அந்திப்பொழுது

குருணாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த ஊர் கலேவெல. சிங்களத்தில் 'கல' என்பது பாறை. 'வெல' என்பது வயல். பெயருக்கேற்பப் பாறையும் வயலும் விரவிய உலர் வலய நிலம் அது. மாரி மழையைத் தேக்கி வைக்கும் குளங்களே அங்கு உயிர்நாடி. ஆவணி மாத மாலையொன்றில், பிள்ளைகள் இருவருடன் அங்குள்ள சிறு குளமொன்றின் கட்டில் அமர்ந்தோம். நீர் வற்றிக் குளத்தின் நடுவே சுருங்கிக் கிடந்தது.

நீர்க்காகங்கள் பட்ட மரத்தில் சிறகு விரித்து உலர்த்தின. கொக்குகள் மருத மரங்களில் வந்து அடைந்தன. தகைவிலான் குருவிகள் நீரின்மேல் தாழப் பறந்து பூச்சி பிடித்தன. ஒளி மங்கியது.

"குருவிகள் இன்னும் போகவில்லையே!" என்றாள் சிறுமி.

அவை குருவிகளல்ல, வௌவால்கள்! பகற்காவலர் விலகி இராக்காவலர் வந்த கணத்தை எம்மில் எவரும் அறிந்திலோம்.

இச்சிறு வௌவால்கள் நம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் வழியறிகின்றன. பார்வையிழந்த வௌவாலும் தடைகளில் மோதாது பறப்பதை 1790களில் இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி கண்டார். அதன் காரணத்தை 1938ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வுகளால் அமெரிக்கரான டொனால்ட் கிரிபின் விளக்கினார். பறந்தவாறே நீரைத் தொட்டுப் பருகுவது இவற்றின் வழக்கம்.

சற்று நேரத்தில் பெரிய கருஞ்சிறகுகள் வானில் தோன்றின. பழந்தின்னி வௌவால்கள்! இவை எதிரொலியை நாடாமல், கண்ணாலும் மூக்காலும் இரை தேடுபவை. அவற்றுள் ஒன்று நீரில் வயிறு தோய எழுந்து சென்றது. ஈர மயிரை நக்கியே அது தாகம் தீர்த்துக்கொள்ளும். சிறுவன் அஞ்சிக் கல்லெடுத்தான்.

அவ்வழியே வந்த முதிய கமக்காரர் ஒருவர் தடுத்தார். "எறியாதேங்க மகன். அந்த இலுப்பையை நட்டது மனிசன் இல்ல, அதுகள்தான்."

பழந்தின்னி வௌவால்கள் இலுப்பைக் கனியுண்டு வித்தைத் தொலைவில் இடுகின்றன. குளத்தின் மேற்கரை மரங்களோ காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்கின்றன. ஆகவே, வௌவாலை விரட்டினால் மரம் குன்றும். மரம் குன்றினால் குளத்து நீரும் விரைந்து வற்றும். அங்கே ஏற்கெனவே வெட்டுண்ட அடிமரங்கள் சிலவும் எம் கண்ணிற்பட்டன.

சிறுவன் கல்லைக் கீழே போட்டான். இருள் கவியும் வரை அவன் வானத்தையே பார்த்திருந்தான்.