மாமியின் பட்டியல்

கடந்த ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்கு என்னை நீதிபதியாக்கினார்கள். வழக்கு நடந்தது மெல்பேர்ணில். அங்கே அப்போது இரவு எட்டரை மணி. வாதி மாமி, பிரதிவாதி மாமா, சாட்சிகள் அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். நீதிமன்றம் உம்மாவின் கைபேசித் திரை. வழக்கு ஒரு பிரிட்ஜைப் பற்றியது.

மாமா உம்மாவுடன் கூடப் பிறந்த ஒரே தம்பி. அவுஸ்திரேலியாவுக்குப் போய்ப் பத்து வருடங்களுக்கு மேலாகிறது. சென்ற வருடம் பழைய கரவன் ஒன்றை வாங்கியிருந்தார். கரவன் என்பது காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் சில்லு வைத்த வீடு. பதினாறு அடி நீளத்துக்குள் கட்டில்கள், அடுப்பு, கழுவுதொட்டி, மேசை, அல்மாரி எல்லாம் இருக்கின்றன. கைபேசியில் அதைச் சுற்றிக் காட்டியபோது, "எங்கட குசினியும் சாப்பாட்டறையும் சேர்ந்த அளவு வராது" என்றார் உம்மா. டிசம்பர் விடுமுறையில் மெல்பேர்ணில் இருந்து பேர்த் வரைக்கும் அதில் போய்வரத் திட்டம். ஒரு வழிக்கு மட்டும் ஏறத்தாழ 3,400 கிலோமீற்றர்.

கரவனில் இருந்த பழைய பிரிட்ஜ் பழுதாகிவிட்டது. அது அடுப்புக்குப் பக்கத்தில், பலகைக்குக் கீழே ஒதுங்கியிருந்த 90 லீற்றர் பெட்டி. அதே அளவில் புதிதாக ஒன்றைப் பூட்டலாம். அல்லது 180 லீற்றர் கொள்ளும் உயரமான ஒன்றை வாங்கலாம். உயரமானதை வாங்கினால் அதற்கு மேலும் பக்கத்திலும் உள்ள அல்மாரியைக் கழற்றி எறிய வேண்டும். கரவனில் இருந்த பெரிய அல்மாரி அது ஒன்றுதான்.

"மருமகள், நீங்க சயன்ஸ் படிக்கிற ஆள். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க" என்றார் மாமா.

"புள்ள, உங்கட மாமாக்கு அல்மாரிதான் பெரிசு" என்று மாமி இடையில் புகுந்தார். "வழியில சின்னச் சின்ன ஊர். ஹலால் இறைச்சி கிடைக்காது. இங்க இருந்தே கொண்டு போகணும். சின்னப் பெட்டிக்குள்ள என்னத்த வைக்கிற?"

மாமியின் வாதம் எனக்குச் சரியாகப் பட்டது. 180 என்பது 90 இன் இரண்டு மடங்கு. உடுப்பையும் போர்வையையும் எங்கேயாவது திணித்துக்கொள்ளலாம், இறைச்சியைத் திணிக்க முடியாது. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "பெரிய பிரிட்ஜ்" என்று தீர்ப்புச் சொன்னேன். மாமி கைதட்டினார். மாமா சிரித்தார், ஆனால் அவருடைய முகம் சிரிக்கவில்லை. அதை அப்போது நான் கவனித்தேன் என்று சொன்னால் பொய். உம்மாதான் பிறகு சொன்னார்.

அழைப்பு முடிந்ததும் உம்மா ஒரேயொரு கேள்வி கேட்டார். "அந்த அல்மாரிக்குள்ள என்ன இருக்கு என்று கேட்டியா மகள்?"

நான் கேட்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. பரிசோதனை செய்யாமல் முடிவை எழுதினால் எங்கள் ஆசிரியை கொப்பியைத் திருப்பித் தருவார். அன்றிரவே இருவருக்கும் செய்தி அனுப்பினேன். மாமா அல்மாரிக்குள் வைப்பதை எழுத வேண்டும், மாமி பிரிட்ஜுக்குள் வைப்பதை எழுத வேண்டும். எதையும் விடக்கூடாது.

மாமாவின் பட்டியல் அடுத்த நாளே வந்தது. அரிசி, பருப்பு, மா, டின் மீன், நான்கு முஸல்லா, குர்ஆன், போர்வைகள், முதலுதவிப் பெட்டி, டோர்ச், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், மழை அங்கி. மாமியின் பட்டியல் புதன்கிழமைதான் வந்தது. நான் குசினியில் நின்று உம்மாவுக்கு உரக்க வாசித்தேன். உம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"கோழி ஆறு கிலோ. மாட்டிறைச்சி மூன்று கிலோ. பால், தயிர், முட்டை இரண்டு டசின், பட்டர், சோஸ், தேன், அப்பிள், தோடம்பழம், கரட், வெங்காயம், உருளைக்கிழங்கு, பேனா 5."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உம்மா, மாமி பேனாவையும் பிரிட்ஜ்லதான் வைப்பாவாம்!"

திருவலைச் சத்தம் நின்றது.

"திருப்பி வாசி."

"பேனா 5."

உம்மா கையைக் கழுவாமல் அப்படியே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அது எழுதுற பேனா இல்ல மகள். இன்சுலின்."

இன்சுலின் ஒரு புரதம், சதையியில் உள்ள இலங்கர்கான் சிறுதீவுகளில் சுரக்கப்படுகிறது என்று உயிரியல் குறிப்பில் அழகாக எழுதி வைத்திருப்பவள் நான். உம்மம்மா கடைசிக் காலத்தில் வயிற்றில் ஏற்றிக்கொண்டதும் பேனா போன்ற அதே சாதனம்தான். அதை ஒவ்வொரு நாளும் கண்ணால் கண்டும் எனக்கு விளங்கவில்லை. தேங்காய் திருவிக்கொண்டிருந்த உம்மாவுக்கு ஒரு சொல்லிலேயே விளங்கிவிட்டது.

உம்மாவுக்கு விளங்காமல் இருக்குமா? 2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குச் சில நாட்களில் நோன்பு தொடங்கியது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பிரிட்ஜைத் திறக்க உம்மாவின் அனுமதி வேண்டும். மூடியே வைத்தால் கீழ்த்தட்டு நான்கு மணித்தியாலம் அளவுக்குக் குளிரைக் காக்கும், திறக்கத் திறக்க அது குறையும். அதற்குப் பிறகு உம்மம்மாவின் மருந்தை ஒரு போத்தலில் இட்டு, பொலித்தீனில் சுற்றி, தண்ணீர் நிரப்பிய மண் பானைக்குள் வைத்து ஈரத் துணியால் மூடுவார். பானையின் நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து ஆவியாகும்போது மறைவெப்பத்தை உள்ளிருந்து எடுத்துக்கொள்கிறது என்பதை நான் பிறகுதான் படித்தேன். உம்மாவுக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் இரவில் இரண்டு முறை எழும்பித் துணியை நனைக்கத் தெரிந்திருந்தது. அடுத்த வருடம் உம்மம்மா வபாத்தானார்.

அன்று பின்னேரம் உம்மா மாமாவுக்கு அழைப்பெடுத்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

"நீ எனக்குச் சொல்லல்லயே தம்பி."

நீண்ட நேரம் சத்தமில்லை. பிறகு மாமாவின் குரல் கேட்டது. "ராத்தா, நீங்க உம்மாவைப் பார்த்தே களைச்சுப் போனீங்க. இன்னொரு ஆளையும் உங்கட தலையில வைக்க எனக்கு மனமில்ல."

எட்டு மாதங்களாக மாமா இன்சுலின் ஏற்றிக்கொண்டிருந்தாராம். முந்திய பயணம் ஒன்றில் பழைய பிரிட்ஜின் பின்பக்கத் தகட்டோடு ஒட்டியிருந்த இரண்டு பேனாக்கள் உறைந்துவிட்டன. உறைந்த இன்சுலினைத் திரும்ப உருக்கிப் பாவிக்கக் கூடாது, எறியத்தான் வேண்டும். அந்த இரவு மாமி தூங்கவில்லை. பெரிய பிரிட்ஜ் என்றால் பயமில்லை என்று அவர் நினைத்தார். காரணத்தை உம்மாவின் முன்னால் சொல்ல மாமா விடவில்லை, அதனால் இறைச்சியைச் சொல்லி வாதாடினார். மாமாவோ, "ஒரு வருத்தத்துக்காக முழு வண்டியையும் மாத்த ஏலாது" என்று அல்மாரியைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பேசியது லீற்றரைப் பற்றி அல்ல. நான்தான் லீற்றரைக் கணக்குப் பார்த்தேன்.

என் தீர்ப்பை நான் திரும்பப் பெற்றேன். இந்த முறை பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு தொடங்கினேன். முதல் கேள்வி: இவற்றில் எது கட்டாயம் குளிரில் இருக்க வேண்டும்? வெங்காயமும் உருளைக்கிழங்கும் வேண்டியதில்லை. முட்டையை அங்கே கடைகளிலேயே வெளியில் அடுக்கி விற்கிறார்கள். திறக்காத பால் பெட்டியையும் டின் மீனையும் அல்மாரியே பார்த்துக்கொள்ளும். அப்பிள், தோடம்பழம், காய்கறி, தேன் ஆகியவற்றுக்கு வேறொரு விதி இருந்தது. மேற்கு அவுஸ்திரேலியாவுக்குள் நுழையும் எல்லையில் சோதனைச் சாவடி உண்டு. பூச்சிகளும் பயிர் நோய்களும் பரவாதிருக்க, வெளி மாநிலத்துப் பழங்களையும் காய்கறிகளையும் தேனையும் அங்கே எடுத்துவிடுவார்கள். பெரிய பிரிட்ஜில் நிரப்பிக்கொண்டு போய் அங்கே கொட்டுவதற்கு ஏன் இவ்வளவு பாடு?

மிஞ்சியது இறைச்சி. மெல்பேர்ணில் இருந்து ஏறத்தாழ 730 கிலோமீற்றரில் அடிலெய்ட் நகரம். அங்கே ஹலால் கடைகள் இருக்கின்றன. அதற்குப் பிறகுள்ள நீண்ட வெளிக்கு மட்டும் சேர்த்தால் போதும். எலும்பை நீக்கி, அரைக் கிலோ பைகளில் தட்டையாக உறையவைத்து அடுக்கினால், கோழி முழுதாக அடைக்கும் இடத்தில் பாதிகூட வேண்டாம். கோழி தீர்ந்த நாளில் பருப்பும் டின் மீனும் இருக்கின்றன.

இரண்டாவது கேள்வி பாரம். கரவன் எவ்வளவு நிறை தாங்கும் என்பது அதன் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. பெரிய பெட்டி தானும் பாரம், தன்னை நிரப்பச் சொல்லியும் பாரமேற்றும்.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. இன்சுலினுக்கு எது நல்லது? திறக்காத பேனாக்கள் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஐந்து பேனாக்களுக்குத் தேவையானது ஒரு பென்சில் பெட்டியின் இடம். பெரிய இடம் அதற்கு வேண்டியதில்லை, நிலையான வெப்பநிலைதான் வேண்டும். பழைய பிரிட்ஜ் எரிவாயுச் சுவாலையின் வெப்பத்தால் குளிரூட்டும் வகை. 1922 இல் சுவீடனில் மாணவர்களாக இருந்த இருவர், பிளாட்டன், மன்டர்ஸ் என்போர், கண்டுபிடித்த முறை அது. சத்தமில்லாத அருமையான சாதனம், ஆனால் வண்டியைச் சாய்வாக நிறுத்தினால் சரியாக இயங்காது, கடும் வெயிலிலும் திணறும். பற்றரியில் இயங்கும் கம்ப்ரசர் வகைக்கு அந்தக் குறை குறைவு. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். சராசரியாக 3 அம்பியர் இழுக்குமென்று வைத்தால் ஒரு நாளைக்கு 72 அம்பியர் மணி. 100 அம்பியர் மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் பாவிப்பது நல்லது. பெட்டி பெரிதானால் இந்தக் கணக்கும் பெரிதாகும்.

ஆகவே பழைய இடத்துக்குள் அடங்கும் கம்ப்ரசர் பிரிட்ஜ், கூரையில் ஒரு சூரியத் தகடு. அல்மாரி அப்படியே இருக்கும். பேனாக்கள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், குளிர்த் தகட்டைத் தொடாமல் நடுத்தட்டில். பக்கத்தில் ஒரு சிறிய வெப்பமானி. பாவனையில் உள்ள பேனாவை எங்கே, எத்தனை நாள் வைப்பது என்பதை மாமாவின் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அது என் தீர்ப்புக்கு உட்பட்டதல்ல.

மாமி முழுவதையும் கேட்டுவிட்டு, "வெப்பமானி ரெண்டு வாங்குவம் புள்ள" என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த பயம் எனக்கு விளங்கியது. ஒன்று பிழைத்தாலும் மற்றது சொல்லும் அல்லவா? உம்மா மண் பானையைப் பற்றியும் சொல்லிக் கொடுத்தார். நாற்பது பாகை வெயிலில் கரவன் பழுதாகி நின்றால் என்ன செய்வது என்பதற்கு என் கணக்கில் பதில் இருக்கவில்லை. உம்மாவிடம் இருந்தது.

டிசம்பரில் எல்லைச் சாவடியில் இருந்து படமொன்று வந்தது. மாமி தேன் போத்தலை மறந்துபோய் உள்ளே வைத்திருந்தாராம். அதிகாரி மரியாதையாக எடுத்துவிட்டார். "நல்லது, என்ட சுகருக்கும் அதுதான் சரி" என்று மாமா எழுதியிருந்தார். அல்ஹம்துலில்லாஹ், பேனாக்கள் ஐந்தும் பழுதில்லாமல் பேர்த் வரை போய்ச் சேர்ந்தன.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகு உம்மா மாமாவுக்கு அழைப்பெடுக்கிறார். ஸலாம் சொன்னதும் முதலில் கேட்பது, "இண்டைக்கு எத்தனை?" மாமா ஓர் எண்ணைச் சொல்வார். உம்மா அதைக் கலண்டரில் குறித்துக்கொள்வார். உம்மம்மாவின் எண்களைக் குறித்த அதே ஆணியில்தான் அந்தக் கலண்டரும் தொங்குகிறது. களைத்துப் போவார் என்று பயந்து மாமா மறைத்த வேலை அது. உம்மா அதைச் செய்யும்போது நான் பார்த்திருக்கிறேன். களைப்பு தெரியவில்லை.