அசட்டு அட்டைகள்

எங்கள் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் கிடையாது. இருந்தும் 1982-லிருந்து மூர் மார்க்கெட்டில் நான் அதிகம் வாங்கியது இசைத்தட்டு அட்டைகளைத்தான். தட்டு உடைந்தோ வளைந்தோ போய், உறை மட்டும் மிஞ்சியவை.

சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி, 1900-ல் திறந்த செங்கல் கட்டடம். பழைய புத்தகக் கடைகளைத் தாண்டினால் பாய் கடை. கேசட் தலையெடுத்த காலம் அது. மைக் செட்காரர்கள் தட்டுகளைக் கட்டுக்கட்டாகத் தள்ளிவிட்டுப் போவார்கள்.

"மாப்பிள்ளை இல்லாம பத்திரிகைய மட்டும் வாங்கிட்டுப் போறீங்களே தம்பி" என்பார் பாய்.

ஏழு அங்குல இ.பி. உறைக்குள் கதாநாயகன், நாயகி, வில்லன், ஒரு கார், ஓர் அருவி எல்லாவற்றையும் அடைத்திருப்பார்கள். தலை ஒரு படத்திலிருந்து, உடம்பு இன்னொன்றிலிருந்து. கத்தரித்து ஒட்டிய கழுத்து ஒருநாளும் சரியாக உட்காராது. அச்சில் ஒரு வண்ணம் கொஞ்சம் நகர்ந்தால் போதும், நாயகியின் உதட்டுச் சாயம் கன்னத்துக்கு ஏறிவிடும். பின்னணி ஆரஞ்சு, தப்பினால் கிளிப்பச்சை. இத்தனை களேபரத்திலும் மூலையில் ஹெச்.எம்.வி. நாய் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் குழாய்முன் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்.

நேர்த்தியான அட்டைகளும் வந்தன. அவற்றைப் பார்த்து ரசித்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவேன். கழுத்து கோணிய அட்டையைத்தான் வீட்டுக்குக் கொண்டுவரத் தோன்றும். ரிலீஸ் தேதி நெருக்க, ராத்திரி கண்விழித்து யாரோ பசை தடவியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆங்கிலத் தட்டு வரிசையில் ஒன்றைப் பாய் எப்போதும் திருப்பிப் போட்டே வைத்திருப்பார். ஹெர்ப் ஆல்பர்ட்டின் 1965-ஆம் வருஷத்து 'விப்டு க்ரீம் அண்ட் அதர் டிலைட்ஸ்'. உடம்பெல்லாம் க்ரீம் பூசிய பெண், கையில் ஒரு ரோஜா. அதில் பெரும்பகுதி சவர நுரை என்று பிற்பாடு படித்தேன். அன்றே தெரிந்திருந்தால் பேரத்தில் ஒரு ரூபாயாவது குறைத்திருப்பேன்.

1985 மே 30-ஆம் தேதி மார்க்கெட் எரிந்தது. இரண்டு நாள் கழித்துப் போனேன். சுவர்கள் நின்றன. பாயைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். என் டிரங்குப் பெட்டியில் 37 அட்டைகள் இருக்கின்றன. பிளேயர் இன்னும் வாங்கவில்லை.