தண்டு நிலையமும் மர நிழலும்

ஜோலார்பேட்டையிலிருந்து 1864-ஆம் ஆண்டு போடப்பட்ட இருப்புப்பாதை வந்து முடிந்த இடம், நம்மவர் ‘தண்டு’ என்றழைக்கும் பெங்களூர்க் கண்டோன்மெண்ட் நிலையமே. நம் பாட்டன்மார் பலர் தகரப் பெட்டியோடு இறங்கி, அல்சூரிலும் சிவாஜி நகரிலும் குடியமர்ந்தது இவ்வழியேதான். இன்றும் முதியவர்கள், “தண்டுக்கு ஒரு டிக்கெட்டு கொடப்பா” என்றால், சீட்டுக் கொடுக்கும் நமக்குப் புரிந்துவிடும். பயணச்சீட்டில் அப்பெயர் இல்லை என்பது வேறு.

அந்நிலையத்தை ஏறத்தாழ 500 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பிக்க, 2022 ஜூன் 20 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அதனை நாம் குறை கூறோம். இடுப்பில் குழந்தையும் கையில் மூட்டையுமாகப் படியேறித் திணறும் தாய்மாரை நாள்தோறும் காண்கிற நாம், மின்படி வேண்டாமென்போமா?

மனம் ஒப்பாதது வேறொன்று. அருகிலுள்ள இரயில்வே குடியிருப்பு நிலத்தை வணிகக் கட்டடங்களுக்கு விடுவதற்காக 368 மரங்களை வெட்ட முனைந்தனர். 2025-இல் நகர மக்கள் திரண்டெழுந்து எதிர்த்தனர். அந்நிலத்தைப் பல்லுயிர் மரபுத் தலமாக்க வேண்டுமென்ற கோரிக்கையும் எழுந்தது. வண்டிக்காகவன்று, பயணிக்காகவன்று, வாடகைக்காக! இரயில்வே குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்பதே மர நிழல்தானே.

அக்குடியிருப்பில் வாழ்ந்த அன்பர்களே, மரத்தடியில் எடுத்த பழைய நிழற்படங்கள் இருப்பின், பின்புறத்தில் ஆண்டும் பெயரும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.