அப்பாவின் சவரம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவின் மோவாயில் சிறு கீறல். நெல்மணி அளவுதான். அதிலிருந்து கசிந்த குருதி நிற்க நாற்பது நிமிடங்கள் ஆயின. படிகாரக் கட்டியைத் தேய்த்தோம். பஞ்சை வைத்து அழுத்தினோம். பஞ்சை எடுத்தபோதெல்லாம் மீண்டும் கசிந்தது. இதயத்துடிப்புச் சீரின்மைக்காக அவர் உட்கொள்ளும் வார்ஃபரின், குருதி எளிதில் உறையாமல் தடுக்கும் மருந்து. சவரக்கத்தியை விட்டு மின்சவரக் கருவிக்கு மாறிவிடுங்கள் என்று மருத்துவர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். கேட்காதவர் அப்பா; வற்புறுத்தாதவன் நான்.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. ஜன்னல் கம்பியில் மாட்டிய கண்ணாடி, பித்தளைக் கிண்ணத்தில் வெந்நீர், சோப்பு, பிரஷ், இருபுறமும் கூருடைய பிளேடு பொருத்திய ரேசர். என் நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்தக் காட்சியில் மாற்றமில்லை. அந்தக் கால்மணி நேரம் வீட்டில் எவரும் அவரிடம் பேசுவதில்லை. மழுங்கிய பிளேடை இரண்டாக ஒடித்து எனக்குப் பென்சில் சீவத் தருவார். இப்போது அந்தக் கை நடுங்குகிறது.

“தாடி வளர்த்தால் என்னப்பா?” என்று கேட்டேன்.

“அது துக்கத்துக்கு” என்றார்.

அம்மா மறைந்தபோது பதினாறு நாள் வளர்த்ததோடு சரி. நான் அதற்குமேல் பேசவில்லை.

தமிழாசிரியனுக்கு எதிலும் சொல்லாராய்ச்சி வந்துவிடும். மழித்தல் என்னும் சொல் நூல்களோடு நின்றுவிட்டது. சிரைத்தல் என்பதை, ஒரு தொழிலையும் அதைச் செய்வோரையும் இழிவுபடுத்தும் வசையாக்கிவிட்டோம். வடமொழி வழிவந்த சவரமே புழக்கத்தில் எஞ்சியது. கூடாவொழுக்கம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மழிப்பதும் வேண்டாம், வளர்ப்பதும் வேண்டாம் என்கிறார் வள்ளுவர். உலகம் பழிப்பதை ஒழித்தால் போதுமாம். வகுப்பில் பலமுறை நடத்திய குறள்தான். கத்தியா, கருவியா என்ற என் வினாவுக்கு அதில் விடையில்லை.

மறுநாளே கருவி ஒன்றை வாங்கி வந்தேன். துளைகளுள்ள மெல்லிய உலோகத் தகடு தோலுக்கும் கத்திக்கும் நடுவே நிற்பதால் வெட்டுக்காயத்துக்கு வாய்ப்பு குறைவு. அதே காரணத்தால் கத்தியைப்போல் அத்தனை வழவழப்பும் வராது. தோல் பழக இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். இவற்றையெல்லாம் அப்பாவிடம் பாடம்போல் விளக்கினேன். இரண்டு நாள் பொறுத்துக்கொண்டவர், மூன்றாம் நாள் ரேசரை எடுத்துவிட்டார்.

“மூஞ்சி கழுவாம வெளியே போற மாதிரி இருக்குப்பா” என்றார்.

அவர் கத்தி இல்லாததைக் குறை சொல்லவில்லை, தண்ணீர் இல்லாததையே சொன்னார் என்பது எனக்கு இரவில்தான் உறைத்தது. கில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற ரேசர், மனிதனைத் தீட்டுவாரிலிருந்து விடுவித்தது. ஜேக்கப் ஷிக் 1931இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்கருவி, நீரிலிருந்தும் சோப்பிலிருந்தும் விடுவித்தது. அப்பா அந்த இரண்டாம் விடுதலையைக் கேட்கவே இல்லை.

ஈரமுகத்தில் நுரையோடு பயன்படுத்தத்தக்க கருவிகளும் உண்டு என்று கடைக்காரர் சொன்னார். கூடுதல் பணம் கொடுத்து மாற்றிக்கொண்டேன். இப்போது கிண்ணமும் வெந்நீரும் பிரஷும் அப்படியே இருக்கின்றன. நுரை பூசுவது அவர். கருவியைப் பிடிப்பது நான். நாற்பத்தாறு வயதில், எனக்கு நினைவு தெரிந்து முதன்முறையாக அப்பாவின் கன்னத்தைத் தொட்டேன். தளர்ந்த தோலை இழுத்துப் பிடித்தபோது என் கையும் சற்று நடுங்கியது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

தாடைக்குக் கீழே சில முடிகள் தப்பிவிடுகின்றன. புறங்கையால் தடவிப் பார்த்துத் தினமும் குறை சொல்கிறார். மகிழ்ச்சியாகத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் ரேசரைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். “நீதான் அந்த மாத்திரை சாப்பிடலியே.” கல்லூரிக்கு ஓடும் அவசரத்தில் எதையோ வைத்து முகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தவன், இப்போது ஞாயிறுதோறும் வெந்நீர் வைத்துக்கொள்கிறேன். பிளேடு மழுங்கினால் ஒடித்துக் கொடுக்கத்தான் ஆளில்லை. மகளிடம் ஷார்ப்னர் இருக்கிறது.